எழுத முடிந்தது, வாசிக்க முடியவில்லை

ஒரு ஆசிரியை பொய் சொல்கிறார் என்று என் கையால் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அவர் பொய் சொல்லவில்லை. நான் சோதித்த விதந்தான் பிழை.

வன்னியில் இருபத்தாறு வருடம் அரச வைத்தியனாக இருந்துவிட்டு, இப்போது நெளுக்குளத்தில் வீட்டோடு இருக்கிறேன். இந்தப் பக்கத்து வைத்தியசாலைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் வைத்தியர்களான உங்களுக்கு என் வேலைக்கால அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். காப்பாற்றிய உயிர்களைப் பற்றி எழுதலாம். நான் இல்லாவிட்டால் அவர்களை வேறொருவர் காப்பாற்றியிருப்பார். இந்தப் பிழையை வேறு எவரும் செய்திருக்க மாட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்தவன் நான். ஆகவே இதைத்தான் எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து ரயில் மறுபடி வடக்கே ஓடத் தொடங்கிய காலம் அது. வீதியோரப் பாடசாலைகள் புதுக் கட்டடங்களோடு எழும்பிக்கொண்டிருந்தன. உள்ளே காட்டோரம் இருந்த பாடசாலைகளுக்கோ போக ஒருவருக்கும் விருப்பமில்லை. நியமனம் கிடைத்த ஆசிரியர்கள் ஒவ்வொரு கிழமையும் எங்களிடம் வந்தார்கள். முதுகு நோ, தலைச்சுற்று, தூசு ஒத்துவராது, குளத்துத் தண்ணீர் ஒத்துவராது. மருத்துவச் சான்றிதழ் கிடைத்தால் இடமாற்றம் கேட்கலாம். எங்கள் கிளினிக்கில் இதற்கு 'மாற்றக் காய்ச்சல்' என்று பெயர். எங்கள் மூத்த தாதி ஒருவர், இந்தக் காய்ச்சலுக்கு மருந்து வவுனியா பஸ் நிலையத்தில்தான் இருக்கிறது என்பார். நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்கு நான் நன்றாகப் பழகியிருந்தேன்.

அப்படியொரு நாளில்தான் மகேஸ்வரி ரீச்சர் வந்தார். நாற்பத்து நான்கு வயது. மாங்குளத்திலிருந்து உள்ளே போகும் கிரவல் பாதையில் ஒரு சிறிய பாடசாலையில் ஐந்தாம் வகுப்புக்குப் பதினெட்டு வருடமாகப் படிப்பிக்கிறவர். கல்வி அலுவலகம் ஒரு கடிதத்தோடு அனுப்பியிருந்தது: இவர் கடமைக்குத் தகுதியானவரா என்று அறியத் தரவும். உள்ளே வரும்போது கதவு நிலையில் வலது தோளை இடித்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். பதற்றம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் விடியத் தலையிடியோடு எழும்பியதாகவும், பத்திரிகையைக் கையிலெடுத்தபோது வாசிக்க முடியவில்லை என்றும் சொன்னார். கண் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"எழுத்தெல்லாம் தெளிவாத் தெரியுது டொக்டர். ஆனா அது எனக்கு ஒண்டும் சொல்லுதில்லை. எனக்குச் சிங்களம் தெரியாது. சிங்களத்தில எழுதின போர்ட் எப்படியோ, தமிழும் இப்ப எனக்கு அப்படித்தான் இருக்கு."

பேச்சு தெளிவாக இருந்தது. கைகால் இயல்பு. இரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. அதற்கு மருந்து எழுதினேன். ஒரு தாளைக் கொடுத்து, பெயரையும் பாடசாலையையும் எழுதச் சொன்னேன். உருண்டை உருண்டையான அழகான கையெழுத்தில் தடங்கலில்லாமல் எழுதினார். சுவர்க் கலண்டரின் இலக்கங்களைச் சரியாகச் சொன்னார். மணிக்கூட்டையும் பார்த்துச் சொன்னார். எழுதத் தெரிகிறது, இலக்கம் தெரிகிறது, எழுத்து மட்டும் தெரியாதாம். இது கெட்டிக்காரத்தனமான மாற்றக் காய்ச்சல் என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எவ்விடம், ஆருடைய பிள்ளை என்று விசாரித்தேன். எங்கள் ஆட்களுக்கு அந்தக் கேள்வி இல்லாமல் கதை தொடங்காது. தாய் தகப்பன் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் என்றார். நான் 'ஓ' என்றேன். அவ்வளவுதான். அந்த 'ஓ' எப்படி ஒலித்திருக்கும் என்று, தோட்டத்து ஆட்களைக் கீழாகப் பார்க்கும் பழக்கத்தோடு யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும்.

பிறகு சோதனை. வாட்டில் வேலை செய்யும் ஒருவரின் மகளுடைய ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் மேசையில் கிடந்தது. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, வாசியும் என்று அதட்டலாகச் சொன்னேன். பக்கத்தின் மேலே குளக்கட்டில் கொக்கு நிற்கும் படம். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடகடவென்று அந்தப் பாடத்தை வாசித்தார். ஒரு சொல் தப்பவில்லை. முடிந்ததும் அவர் கண்களிலிருந்து தண்ணீர் ஓடியது. பிடிபட்டுவிட்டார், அதனால் அழுகிறார் என்று நினைத்தேன்.

நான் எழுதிய அறிக்கை எனக்கு இப்போதும் மனப்பாடம்: "பேச்சு, எழுத்து, வாசிப்பு அனைத்தும் இயல்பு. முறைப்பாட்டுக்கு மருத்துவக் காரணம் எதுவும் காணப்படவில்லை. கடமையைத் தவிர்க்கும் நோக்கம் இருக்கலாம்." கைகால் நன்றாக இருந்தபடியால் மூளை ஸ்கானுக்கும் அனுப்பவில்லை. முழுவதற்கும் பதினைந்து நிமிடம் எடுத்திருக்கும். வெளியே இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். அதை ஒரு சாட்டாகச் சொல்ல வரவில்லை. உங்களுக்கும் ஒவ்வொரு நாளும் நாற்பது பேர் நிற்பார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். அந்தப் பாடசாலை அதிபர் என்னைத் தேடி வந்தார். உருத்திரபுரத்துக் கமக்காரக் குடும்பத்து மனிதர், நேரே பேசுகிறவர். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. ஒரு அப்பியாசக் கொப்பியை விரித்து என் முன்னால் வைத்தார். 'எங்கள் ஆசிரியர்' என்று தலைப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையொருத்தி எழுதியிருந்தாள்: "எங்கள் ரீச்சருக்கு இப்போது வாசிக்கத் தெரியாது. பிழையாக எழுதினாலும் சரி போடுவா. இதற்கும் சரி போடுவா." கீழே சிவப்பு மையில் பெரிதாக ஒரு சரி அடையாளம். பக்கத்தில் அதே உருண்டைக் கையெழுத்தில் 'மிக நன்று'.

"உங்கட ரிப்போட்டில இவாக்கு நல்லா வாசிக்கத் தெரியும் எண்டு கிடக்கு. அப்ப இதை வாசிச்சுப்போட்டுத்தான் சரி போட்டவா எண்டு சொல்லுறியளோ?"

நான் கொப்பியைக் கையிலெடுத்து மறுபடி வாசித்தேன்.

"ஒண்டில் நீங்கள் பிழை, இல்லாட்டி அவா விசரி. அவா விசரியெண்டா இவ்வளவு வருசத்தில எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

மீதியை அவர் சொல்லித்தான் அறிந்தேன். என் அறிக்கையோடு ரீச்சர் கடமைக்குத் திரும்பியிருக்கிறார். பிள்ளைகளை மாறி மாறி வாசிக்கவிட்டுக் காதால் கேட்டே படிப்பித்திருக்கிறார். கொப்பிகளுக்கு எல்லாம் சரி போட்டிருக்கிறார். இந்தக் கொப்பி ஒரு தாயின் கையில் அகப்பட்டு, கிணற்றடி, கடை, கோயில் என்று ஊரைச் சுற்றிவிட்டது. அதன்பிறகு அவர் பாடசாலைக்கு வரவில்லை. அலுவலகம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருந்தது. பதினான்கு நாளில் தக்க காரணம் சொல்லாவிட்டால் பதவியை விட்டு நீங்கியவராகக் கருதப்படுவார். அதில் பத்து நாள் போய்விட்டது. தக்க காரணம் என்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை நான் பொய் என்று முத்திரை குத்தியிருந்தேன்.

அன்று பின்னேரம் எனக்கு நரம்பு நோய்கள் படிப்பித்த பெரியவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்போது அவர் ஓய்வுபெற்று யாழ்ப்பாணத்தில் இருந்தார். பேர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு வலப்பக்கப் பார்வையைச் சோதித்தேனா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுதியதை அரை மணித்தியாலம் கழித்துத் திருப்பி வாசிக்கச் சொன்னேனா என்று கேட்டார். அதற்கும் இல்லை. எந்தப் புத்தகம் கொடுத்தேன் என்றார். சொன்னேன்.

"பதினெட்டு வருசம் படிப்பிச்ச புத்தகத்தைக் குடுத்து வாசிக்கச் சொன்னனீரோ? நீர் அவாவைச் சோதிக்கேல்லை. உம்மட சந்தேகத்தைத்தான் சோதிச்சீர். அது பாஸ் பண்ணிப்போட்டுது."

இதைவிட நல்லதாக உங்களுக்கு எழுதித் தர என்னிடம் வேறு பாடமில்லை.

மறுநாள் காலையில் அதிபரின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் என் வாகனத்தை விட்டுக்கொண்டு போனேன். ரீச்சரின் புருஷன் ராசு முற்றத்தில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கழற்றிப் போட்டு எண்ணெய்க் கையோடு நின்றார். வாங்கோ என்று சொல்லவில்லை.

"என்ன ஐயா, இன்னும் ஒரு முத்திரை மிச்சம் இருக்குதா?"

நான் பிழை விட்டுவிட்டேன், இன்னொரு தரம் சரியாகப் பார்க்க விட வேண்டும் என்று கேட்டேன். அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். ரீச்சர் வாசலுக்கு வந்து, அதிபருக்கும் எனக்கும் கதிரை எடுத்துப் போடச் சொன்னார்.

முதலில் பார்வை. என் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் விரல்களை அசைத்தேன். இடப்பக்கம் எல்லாம் தெரிந்தது. வலப்பக்கம் பாதி உலகமே அவருக்கு இல்லை. கதவு நிலை எனக்கு அன்றைக்கே சொன்ன விஷயம் அது.

பிறகு ஒரு தாளைக் கொடுத்து, விரும்பியதை எழுதுங்கோ என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதத் தொடங்கினார். தாளின் இரு பக்கமும் நிறைந்தது. அதை வாசிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். ராசு தேத்தண்ணி கொண்டுவந்தார். மழை, நெல் வெட்டு என்று அதிபர் கதைத்துக்கொண்டிருந்தார். புத்தகம் வாசித்தபோது நடந்ததை ரீச்சர் அந்த நேரத்தில்தான் சொன்னார். கொக்குப் படத்தைக் கண்டதும் பாடம் தானாக வாயில் வந்துவிட்டதாம். வாசிப்பு திரும்பிவிட்டது என்று நினைத்து, அந்தச் சந்தோஷத்தில் அழுதாராம். வைத்தியசாலை வாசலுக்கு வந்து பஸ்ஸின் போர்ட்டைப் பார்த்தபோதுதான் அது ஒன்றும் சொல்லவில்லையாம்.

அரை மணித்தியாலம் கழித்துத் தாளைக் கையில் கொடுத்தேன். இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் என்ன எழுதினனான் எண்டு எனக்குத் தெரியும் டொக்டர். அது இதில எங்க இருக்கு எண்டுதான் தெரியேல்லை."

பிறகு தாளை என்னிடமே நீட்டினார். "நீங்க வாசியுங்கோ. நான் எழுதினதுதானா எண்டு கேக்கிறன்."

வாசித்தேன். தன் பதினெட்டு வருடத்தையும் எழுதியிருந்தார். அவருடைய குடியிருப்பிலிருந்து முதல் முதல் ஆசிரியையானவர் அவர். இந்த வைத்தியர் என்னைப் பொய்க்காரி என்று எழுதிவிட்டார், பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது, நான் மாற்றம் கேட்கவில்லை, என் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக நான் ஒருநாளும் நினைக்கவில்லை என்று இருந்தது. முடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினேன்.

"நடுவில ஒரு வரியை விட்டிட்டீங்க டொக்டர்."

உண்மை. விட்டுவிட்டேன். முற்றத்தில் லான்ட்மாஸ்டரின் பக்கத்தில் நின்ற ராசுவும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தாளைத் திருப்பி அந்த வரியை வாசித்தேன்: "நான் தோட்டத்து ஆட்களின் பிள்ளை என்று சொன்னதும், இவளுக்கு இவ்வளவுதான் எழுத்து என்று அவருடைய முகம் சொல்லிவிட்டது."

வேறு எந்த நோயாளிக்கு முன்னாலும் நான் அப்படித் தலைகுனிந்து இருந்ததில்லை. அந்த வரி உண்மை என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர், எனக்கு என்ன வருத்தம், அதைச் சொல்லுங்கோ என்றார். அது நியாயமான கேள்வி.

பெரியவர் எனக்கு விளக்கி, நான் அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். பிறக்கும்போது மூளையில் வாசிப்புக்கென்று ஓரிடம் இல்லை. பள்ளிக்கூடந்தான் அதை உண்டாக்குகிறது. பிள்ளை எழுத்துப் பழகப் பழக, இடது அரைக்கோளத்தின் பின்பக்கத்தில், பொருள்களையும் முகங்களையும் பார்த்துவந்த பகுதியில் ஒரு சிறு துண்டு எழுத்துக்கென்று ஒதுங்குகிறது. சொல்லும் பேச்சும் பெரும்பாலானோருக்கு அதே இடப்பக்கத்தில்தான் இருக்கின்றன. ரீச்சருக்கு இடப்பக்கத்துப் பின்பகுதியில் இரத்தம் அடைபட்டிருக்கிறது. அதனால் வலப்பக்க உலகம் தெரியாது. இடப்பக்க உலகத்தை வலது மூளை நன்றாகப் பார்க்கிறது. படத்தை அறிகிறது, கொக்கை அறிகிறது. ஆனால் பார்த்த எழுத்தை இடது மூளைக்கு அனுப்பும் பாலமும் பழுது. எழுதுவதற்கு வேண்டிய சொல்லும் கையும் இடது மூளையிடம் இருப்பதால் எழுத்து பிழைத்துக்கொண்டது.

ராசு எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார்.

"அப்ப யுத்தத்தில பாதை பூட்டின காலம் மாதிரியா ஐயா? அங்கயும் ஆள் இருக்கு, இங்கயும் ஆள் இருக்கு, கடிதம் போகாது?"

ஓம், அதேதான் என்றேன்.

"அந்த நேரம் சனம் போகாமயா இருந்திச்சு? கடலால சுத்திப் போனாங்கதானே." பிறகு மனைவியைக் காட்டினார். "இவ வீட்டில விரலால எழுத்து மேல இழுத்து இழுத்துப் பாக்கிறா. அப்ப சில நேரம் சொல்லுறா. நான் விளையாட்டு எண்டு நினைச்சன்."

ரீச்சர் தாளை எடுத்து, முதல் எழுத்தின் மேல் ஆட்காட்டி விரலை வைத்து, அதன் வளைவுகளோடு மெதுவாகக் கொண்டுபோனார். "க," என்றார். அடுத்தது நீண்ட நேரம் எடுத்தது. அதையும் சொன்னார். கண்ணால் போக முடியாத எழுத்து கையால் சுற்றிப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. மருத்துவப் புத்தகங்களில் இந்த வழி இருக்கிறதுதான். எனக்கு அதைக் காட்டியவர் லான்ட்மாஸ்டர் ஓட்டுகிற ஒரு மனிதர்.

ஸ்கானுக்கு அனுப்பினேன், படம் பெரியவர் சொன்னபடியே வந்தது. ஆனால் படம் வரும்வரை காத்திருக்க நாள் இல்லை. அன்றிரவே அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். எங்கள் வைத்தியசாலையில் மேலே இருந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இப்படி எழுத வேண்டியதில்லை, நோய் பிறகு வெளிப்பட்டது என்று எழுதினால் ஒருவருக்கும் பிரச்சினையில்லை என்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அப்படி எழுதினால், முதலில் வந்த அன்று ரீச்சர் பொய் சொன்னார் என்பது அப்படியே நின்றுவிடும். நான் எழுதியது இது: "முதற் பரிசோதனையின்போதே இந்த நோய் இருந்தது. நான் தவறாகச் சோதித்தேன். அவர் உண்மையையே கூறினார்." பதின்மூன்றாம் நாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பதவி தப்பியது.

ஊரில் போன பேர் கடிதத்தால் திரும்பி வராது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேச அதிபரிடம் அனுமதி கேட்டேன். ஒரு வைத்தியர் நோயாளியின் வருத்தத்தை ஊரில் சொல்லலாமா என்று நீங்கள் கேட்பீர்கள், சொல்லக்கூடாது. ரீச்சரிடம் கேட்டேன். எல்லாவற்றையும் சொல்லுங்கோ, அரைகுறையாய்ச் சொல்லாதீங்கோ என்றார். சொன்னேன். மண்டபத்தில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. கொப்பியை ஊருக்குக் காட்டிய தாய் மட்டும் எழும்பினார்.

"அதெல்லாம் சரி டொக்டர். இனி எங்கட பிள்ளையளுக்கு ஆர் படிப்பிக்கிறது?"

ரீச்சரே எழும்பினார். ஐந்தாம் வகுப்பு தன்னால் ஏலாது, ஒன்றாம் வகுப்பைத் தாருங்கோ, அந்தப் பிள்ளைகளும் விரல் வைத்துத்தான் பழகுதுகள் என்றார். யாரோ பின்னாலிருந்து, அப்ப ரீச்சரும் ஒன்றாம் வகுப்பு என்றார்கள். ரீச்சர், ஓம், இரண்டாந்தரம் படிக்கிறன் என்றார். முதல் சிரித்தவர் அந்தத் தாய்தான். அதிபர் ஒரு பள்ளித் தவணைக்கு, மூன்று நான்கு மாதத்துக்கு, ஒத்துக்கொண்டார்.

அந்தத் தவணை முழுவதும் புதன்கிழமைகளில் பின்னேரம் போனேன். அவருக்குத் தெரியாத வாக்கியங்களை அன்றன்றே எழுதிக் கொண்டுபோவேன். முதல் மாதம் ஒரு வரிக்குப் பத்து நிமிடம். சில நாள் கோபத்தில் தாளை எறிவார். பிறகு தானே பொறுக்குவார். பழைய வாசிப்பு வரவில்லை, இனியும் வராது. விரல் தாளில் அசைவது போய் மடியில் அசைந்தது; பிறகு பெருவிரல் மட்டும் ஆட்காட்டி விரலில் எழுதிக்கொண்டது. ஒன்றாம் வகுப்பு மெதுவாகப் போகிறது என்று பெற்றோர் குறை சொன்னார்கள். தவணை முடிவில் மேற்பார்வைக்கு வந்த அதிகாரி எழுத்தட்டைகளைக் கலைத்துப் போட்டுக் கேட்டபோது, தடுமாறிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஒரு எழுத்தையும் பாராமல் தாண்டிப் போக அவர்களுடைய ரீச்சரால் முடியாது. ஒரு தவணை என்றது இன்று வரை போகிறது.

மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கஷ்டம் அவருக்கு வரும். நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு, ஒரு தாய் தன் மகளோடு என் அறைக்கு வந்தார். கையில் ரீச்சரின் கடிதம். உருண்டைக் கையெழுத்தில் அரைப் பக்கம். இந்தப் பிள்ளை நன்றாகக் கதைக்கிறாள், கணக்குச் செய்கிறாள், எழுத்து மட்டும் பிடிபடவில்லை, சோம்பேறி என்று வீட்டில் அடிக்கிறார்கள், இவள் நடிக்கவில்லை, நேரமெடுத்துப் பாருங்கோ.

அன்று வெளியே நின்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைக்குத் தெரிந்திருக்க முடியாத சொற்களை எழுதிப் படமில்லாமல் காட்டினேன். ரீச்சர் சொன்னது சரி. பேச்சு மொழிச் சிகிச்சைக்கு அனுப்பினேன். வீட்டில் அடி நின்றது. அந்தப் பிள்ளை இப்போது மெதுவாக, ஆனால் பயமில்லாமல் வாசிக்கிறாள்.

அன்று மத்தியானம் எல்லோரும் போனபின் அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முழுவதும் நீல மை. 'ஏழு வயது' என்ற இடத்தில் மட்டும் 'ஏழு' வெட்டப்பட்டு, மேலே அதே கையெழுத்தில், கறுப்பு மையில் 'எட்டு' என்று இருந்தது. எழுதி வைத்துவிட்டு, பிறகொரு நேரம் வேறு பேனையோடு இருந்து, தான் எழுதியதை முதலிலிருந்து கடைசி வரை அவர் வாசித்திருக்கிறார்.